புதுப்பிப்பு: லண்டன் நேரம் ஏன் நகர்கிறது?

துபாயில் இருக்கும் தம்பியோடு பேசும் நேரம் ஆண்டு முழுவதும் மாறாதிருக்க, லண்டனில் இருக்கும் மகளோடு பேசும் நேரம் மட்டும் மார்ச் இறுதியில் ஒரு மணி நேரம் நகர்ந்துவிடுவது ஏன் என்று செங்கோட்டையிலிருந்து முன்பு கேட்டிருந்தேன். பதில் எழுதியவர்களுக்கு மனமார்ந்த நன்றி, விடை தெளிவாகிவிட்டது.

நகர்வது நம் கடிகாரம் அன்று, அவர்களுடையது. உலகப் பொது நேரத்தைவிட நாம் ஐந்தரை மணியும் துபாய் 4 மணியும் முன்னே இருப்பதால், இங்கே இரவு 9 மணி என்றால் அங்கே எப்போதும் 7.30தான். பிரிட்டனிலோ மார்ச் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி, அக்டோபர் கடைசி ஞாயிறன்று பழைய நிலைக்குக் கொண்டுவருகிறார்கள். ஆகவே அதே இரவு 9 மணி, லண்டனில் குளிர்காலத்தில் மாலை 3.30, கோடையில் 4.30.

இன்னொன்றும் விளங்கியது. இந்திய நேரம் காக்கிநாடாவை ஒட்டிச் செல்லும் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையைக் கொண்டு கணிக்கப்படுகிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்பதால், அதற்கு ஐந்து பாகைக்குச் சற்று மேல் மேற்கே இருக்கும் நம் பக்கத்தில் சூரியன் உச்சிக்கு வருவது அங்கேவிட ஏறத்தாழ 21 நிமிடம் பிந்தித்தான். ஆனாலும் காக்கிநாடா, செங்கோட்டை, புளியரை தாண்டி ஆரியங்காவு என எங்கும் கடிகாரம் ஒன்றே.

வெளிநாட்டுக்கு அழைப்பு நேரம் குறிப்பவர்கள் கிழமையையும் சேர்த்தே எழுதுங்கள்: இங்கே சனிக்கிழமை அதிகாலை 2 மணி என்பது லண்டனில் வெள்ளிக்கிழமை இரவு.