எஞ்சின் மௌண்டிங்குக்கு ஒரு சொல் வேண்டும் (அவசரம்)

சுங்கை சிப்புட்டிலிருந்து (மலேசியா):
வணக்கம். இங்கே மாலை வகுப்பில் வாகனப் பழுதுபார்ப்பு சொல்லித் தருகிறேன். கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. எஞ்சினும் கியர்பாக்ஸும் உட்காரும் ரப்பர் துண்டைப் பட்டறையில் 'மௌண்டிங்' என்போம். 'தாங்கி' என்று எழுதியிருக்கிறேன். சரியா?

யாழ்ப்பாணத்திலிருந்து:
வேண்டாம் ஐயா. எங்களுக்குத் தாங்கி என்றால் தண்ணீர் நிற்கிற தொட்டி. உங்கள் பெடியன் பெட்ரோல் தாங்கியைக் கழற்றிப் போடுவான்.

மதுரையிலிருந்து:
தாங்கி இங்கே பேரிங்குக்குப் போய்விட்டது. 'அதிர்வேற்பி' எனலாமே?

சுங்கை சிப்புட்:
அதை அப்சார்பர் என்று நினைப்பார்கள் அண்ணே. இது பாரத்தையும் சுமக்க வேண்டும், நடுக்கத்தையும் விழுங்க வேண்டும். கையேட்டில் உள்ளது இது: 'ஆட்டோ கியர் வண்டியில் பிரேக்கை மிதித்து, D-யில் (முன்னே ஓட்டும் கியர்) நிற்கும்போது ஸ்டீயரிங் நடுங்கி, N-க்கு (நியூட்ரல்) மாற்றியதும் அடங்கினால் மௌண்டிங்கைப் பார். N-லும் குலுக்கினால் முதலில் ஸ்பார்க் பிளக்கைப் பார். பானெட்டைத் திறந்து, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, ஒருவர் பிரேக்கை விடாமல் D, R (ரிவர்ஸ்) மாற்றி ஆக்சிலரேட்டரை லேசாக மிதிக்கட்டும்; வண்டிக்கு முன்னால் நிற்காதே. எஞ்சின் எழும்பி 'டொக்' என்று விழுந்தால் ரப்பர் போச்சு. வெடிப்பு, இரும்பைவிட்டு உரிந்த ரப்பர், எண்ணெய் பட்டு ஊறிய ரப்பர், எதுவானாலும் மாற்று.'

கிள்ளானிலிருந்து:
சும்மாடு! தலைக்கும் சுமைக்கும் நடுவே இருப்பது. சுமையடைதான் சும்மாடு ஆனது என்பார்கள். தோட்டத்தில் பால்வாளி தூக்கினவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

ஈப்போவிலிருந்து:
அம்மா, பால்வாளியைக் காண்டாக் கம்பில் தோளில் தூக்கினார்கள். சும்மாடு விறகுக்கு. எஞ்சின் பானை மாதிரி உட்கார்ந்திருக்கிறது, எனவே பானைக்கு அடியில் வைக்கும் வைக்கோல் வளையமான 'பிரிமணை'. அப்புறம், ரகரம் சொல்லுக்கு முதலில் வராது. கையேட்டில் 'இரப்பர்' என்று திருத்துங்கள்.

மதுரை:
'இரப்பர்' என்றால் பிச்சை எடுப்பார்கள் ஐயா. ரப்பருக்குத் 'தொய்வம்' என்ற சொல் இருக்கிறதே?

ஈப்போ:
கோலகங்சாரில் 1877-இல் நட்ட ரப்பர் மரம் ஒன்று இன்னும் நிற்கிறது. அதன் அடியில் போய்த் தொய்வம் என்று சொல்லிப் பாருங்கள். நமக்கு அது பால்மரம்.

சுங்கை சிப்புட்:
நேற்று வகுப்பில் 'சும்மாடு' சொன்னேன். பின்வரிசைப் பையன், "சும்மா ஆடுமா சார்?" என்றான். சிரிப்பு அடங்கவே ஐந்து நிமிடம். ஆனால் ஒருவனும் மறக்கவில்லை. பிரிமணையைப் பார்த்தவன் இங்கே யாருமில்லை.

யாழ்ப்பாணம்:
சும்மாடுக்கு என் வாக்கு. களைத்துப் போனேன்.

மதுரை:
எனக்கும் சரி. ஆனால் பட்டறைக்காரர் மௌண்டிங் என்றுதானே கேட்பார்?

சுங்கை சிப்புட்:
தலைப்பில் சும்மாடு, உள்ளே மௌண்டிங். அச்சுக்கு அனுப்பிவிட்டேன். 'ரப்பர்' ரப்பராகவே இருக்கிறது.

ஈப்போ:
பிரிமணைக்கு யாரும் மறுப்பே சொல்லவில்லை. பார்த்ததில்லை என்பது மறுப்பாகுமா? நாளை விரிவாக எழுதுகிறேன்.