கலைச்சொல் உதவி: ‘சாலிட் ஆக்சில்’, வெள்ளிக்குள் வேண்டும்

கையேட்டுக்காரன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கரடுமுரடான தடங்களில் ஓட்டுகிற நான்கு சக்கர இயக்க வண்டி ஒன்றின் பராமரிப்புக் கையேட்டைத் தமிழில் பெயர்த்துக்கொண்டிருக்கிறேன். முன்பக்கம் சாலிட் ஆக்சில் (இரண்டு சக்கரங்களையும் ஒரே உடம்பில் மாட்டிய அமைப்பு) உள்ள வண்டி. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது (இந்த அச்சுதான் பிரச்சினையே). கொடுத்த சொற்பட்டியலில் ‘திட அச்சு’ என்று இருந்ததை நம்பி இறங்கிவிட்டேன். முதல் அத்தியாயத்திலேயே இப்படி ஒரு வாக்கியம் வந்து விழுந்தது:

“திட அச்சில் அச்சு முறிந்தால் அச்சைக் கழற்றி, அச்சுக்குள் இரும்புச் சில்லுகள் கிடக்கின்றனவா என்று பாருங்கள்.”

நாலு அச்சு. முதலாவது முழு அமைப்பு, நடுவில் உள்ள இரண்டும் உள்ளே சுழலும் தண்டு, கடைசி அச்சு வெளிக்கூடு. படிக்கிறவர் வண்டியை விட்டுவிட்டு ஓடிவிடுவார். யாராவது கைகொடுங்கள்.

பட்டறை எழுதியது:

தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள், ‘திட அச்சு’ என்று போட்டால் வண்டி ஓட்டுகிறவன் சிரிப்பான். வெளியே தெரிவது வெற்றுக் குழாய். நடுவில் டிஃபரன்ஷியல் (இன்ஜின் விசையை இரு பக்கமும் பிரித்துக் கொடுக்கிற பல்சக்கரத் தொகுதி) உட்காருவதற்காக ஒரு வீக்கம், அதிலிருந்து பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு தண்டுகள் குழாய்க்குள் போகின்றன. முன்சக்கரம் திரும்பவும் வேண்டுமே, அதற்காகத் தண்டின் நுனியில், வளைந்தபடியே சுற்றவிடுகிற ஒரு சி.வி. ஜாயின்ட், பல வண்டிகளில் அதை மூடிக்கொண்டு உருண்டையான நக்கிள் (சக்கரம் திரும்புகிற கணு), அந்த உருண்டையைத் துடைத்தபடி திரும்புகிற ஒரு ரப்பர் சீல்.

டயரின் உட்பக்கச் சுவரில் கறுப்பாகக் கூழ் மாதிரி ஒழுகியிருந்தால் பலரும் அந்த வெளி சீலை மட்டும் மாற்றிவிட்டுப் போய்விடுகிறார்கள். கொஞ்ச நாளில் மறுபடி ஒழுகும். உண்மையில் போனது உள்ளே தண்டைப் பிடித்திருக்கிற ஆயில் சீல். கியர் ஆயில் அது வழியாக நக்கிளுக்குள் வந்து கிரீஸைக் கரைத்துவிடுகிறது. இப்போது நீங்கள் ‘அச்சு சீல்’ என்று எழுதினால் அவன் எந்த சீலை வாங்குவான்?

சாலிட் என்பதற்கு அர்த்தம், இடது சக்கரமும் வலது சக்கரமும் ஒரே உடம்பில் மாட்டியிருக்கின்றன என்பதுதான். ஒன்று கல்மேல் ஏறினால் மற்றது கூடவே சாயும். நாங்கள் ஆக்சில், ஹவுசிங், ஷாஃப்ட் என்று மூன்று சொல்லோடு காலம் தள்ளுகிறோம், குழப்பமே இல்லை.

வேர்ச்சொல் எழுதியது:

> ஆக்சில், ஹவுசிங், ஷாஃப்ட் என்று மூன்று சொல்லோடு

அப்படியே எழுதிவிட்டால் இந்தக் குழுமம் எதற்கு ஐயா? ‘திட’ போகட்டும், அது ‘த்ருட’ என்பதன் திரிபு, எனக்கும் வேண்டாம். ஆனால் ‘அச்சு’ கலப்பில்லாத தமிழ். அத்துதல் என்றால் பொருத்துதல். வைத்து வைச்சு ஆவதுபோல அத்து அச்சு ஆயிற்று. இரு சக்கரங்களைப் பொருத்துவது அச்சு, எழுத்தைத் தாளில் பொருத்துவதும் அச்சு, வெல்லத்தை வார்ப்பதும் அச்சு. ஒரே வேர் எத்தனை கிளை விட்டிருக்கிறது பாருங்கள். என் பரிந்துரை ‘விறையச்சு’. விறைப்பாக நிற்பது. ஒரே சொல், புணர்ச்சியும் சுத்தம்.

ஆசிரியை எழுதியது:

வண்டியின் அச்சு ‘அக்ஷ’ என்பதிலிருந்து வந்தது என்றுதான் பேரகராதி சொல்கிறது ஐயா. வந்தாலும் தப்பில்லை, ஈராயிரம் வருடமாக நம்மோடு இருக்கிறது. எனக்குக் கவலை வேறு. வகுப்பில் ‘அச்சு’ என்றால் பிள்ளைகள் எக்ஸ் அச்சு, ஒய் அச்சு என்று வரைபடம் போட ஆரம்பித்துவிடுகிறார்கள். நக்கிள் திரும்புகிற கோட்டுக்கும் அச்சு என்றுதான் சொல்லியாக வேண்டும். அந்தக் கோடு மேலே பின்பக்கமாகச் சாய்ந்திருப்பதுதான் காஸ்டர். ரேடியஸ் ஆர்ம் (இந்த அமைப்பை வண்டிச் சட்டத்தோடு முன்பின்னாகப் பிடிக்கிற கை) உள்ள வண்டியை உயர்த்தினால் முழு அமைப்பும் சற்று உருண்டு அந்தச் சாய்வு குறைந்துவிடும், அப்புறம் ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பாமல் வண்டி அலையும். இதை விளக்க ‘அச்சு உருள்வதால் அச்சின் சாய்வு குறைகிறது’ என்று பலகையில் எழுதினால் என்ன ஆகும்? எழுதிப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

‘விறையச்சு’ என்பதையும் வகுப்பில் சொல்ல முடியாது. ஏன் என்று விளக்கமாட்டேன்.

புலவர் எழுதியது:

அம்மா சொல்வது சரி, விறைப்பை விட்டுவிடுவோம். ஆனால் அச்சை அவ்வளவு எளிதில் கழற்றிவிட வேண்டாம். ‘பீலிபெய் சாகாடும் அச்சிறும்’ என்று வள்ளுவர் 475ஆம் குறளில் சொன்னது மயிலிறகு ஏற்றிய வண்டிக்கு மட்டுமா? முப்பத்தைந்து அங்குல டயரும் முன்னால் வின்ச்சும் மாட்டிக்கொண்டு அதே பழைய தண்டோடு பாறை ஏறுகிறவனுக்கும்தான்.

இன்னும் பொருத்தமானது புறநானூறு 102. உப்பு வணிகர்கள் வண்டியில் பாரம் ஏற்றிக்கொண்டு புறப்படுகிறார்கள். பள்ளத்தில் இறங்குமோ மேட்டில் ஏறுமோ, யாருக்குத் தெரியும் என்று வண்டியின் கீழ்மரத்தில் ஓர் அச்சைக் கூடுதலாகக் கட்டிக்கொண்டு போகிறார்கள். அதன் பெயர் சேம அச்சு. பொகுட்டெழினியை ஔவையார் அதற்கு ஒப்பிடுகிறார். தடமில்லாத இடத்தில் வண்டி ஓட்டுவது பற்றி இதைவிடத் தெளிவாக யார் எழுதியிருக்கிறார்கள்? மாற்றுத் தண்டுக்குக் கையேட்டில் ‘சேம அச்சு’ என்றே போடலாம்.

பட்டறை எழுதியது:

ஐயா, இது நன்றாக இருக்கிறது. நாங்களும் கூடுதல் ஷாஃப்ட் இல்லாமல் பெரிய தடத்துக்குப் போவதில்லை. ஆனால் ஒன்று. அவர்கள் கட்டிக்கொண்டு போனது முழு அச்சு, நாங்கள் எடுத்துப்போவது உள்தண்டு மட்டும். மறுபடி அதே குழப்பம்தானே?

கடையாணி எழுதியது:

இதுவரை பேசாமல் படித்துக்கொண்டிருந்தேன். மாட்டுவண்டி செய்கிற வீட்டில் பிறந்தவன் என்பதால் கேட்கிறேன், ‘இருசு’ என்ற சொல் ஒருவருக்கும் நினைவு வரவில்லையா? வண்டிக்கு அடியில் குறுக்கே போகிற இரும்பு இருசு. அது பதிந்து கிடக்கிற மரம் இருசுக்கட்டை. சக்கரத்தின் நடுவில் இருப்பது குடம். குடம் கழன்று போகாமல் வெளியே செருகுவது கடையாணி. தண்டுக்கும் அதன் உறைக்கும் தனித்தனிப் பெயர் நம் ஆசாரிகள் எப்போதோ வைத்துவிட்டார்கள். இருசு என்றால் அச்சு இயந்திரமும் கிடையாது, எக்ஸ் ஒய்யும் கிடையாது.

வேர்ச்சொல் எழுதியது:

இருசுக்கு அகராதியில் நேர்மை என்றும் பொருள் உண்டு, அது ‘ருஜு’. நேராக இருப்பதால் வண்டி இருசுக்கும் அதே பெயர் என்று நாளை யாராவது கிளம்புவார்கள். ‘இரு’ என்ற தமிழ் வேரிலிருந்து, இரு சக்கரங்கள் இருப்பதற்கு இடமாக இருப்பது இருசு என்று நான் நிறுவத் தயார், ஆனால் சங்க இலக்கியச் சான்றுள்ள அச்சை விட்டுவிட்டு அதற்கு ஏன் போக வேண்டும்?

கடையாணி எழுதியது:

ஐயா, வாக்கியத்தில் நாலு அச்சு வந்ததுதான் காரணம்.

ஆசிரியை எழுதியது:

இருசு எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு திருத்தம் மட்டும். மாட்டுவண்டியில் இருசு சுற்றாது, குடம்தான் அதன்மேல் சுற்றும். இங்கே தண்டு சுற்றுகிறது. அதனால் முழு அமைப்புக்கு இருசு, வெளிக்குழாய்க்கு இருசுக்கூடு, உள்ளே சுற்றுவதற்கு இருசுத்தண்டு என்று பிரித்துக்கொள்ளலாம். (‘இருசுக்கட்டை’ அழகுதான், ஆனால் இரும்புக் குழாயைக் கட்டை என்றால் தேர்வில் மதிப்பெண் போக வாய்ப்பு உண்டு.)

அப்புறம் ‘சாலிட்’. ஒற்றை உடம்பு என்பதால் ‘ஓரிருசு’?

புலவர் எழுதியது:

ஓரிருசு என்று நான் படித்தவுடன் ‘ஓரிரு’ என்று நின்றுவிட்டேன் அம்மா. ஓரிரு என்ன, நாளா, நாழிகையா என்று தேடுகிறது கண். இலக்கணம் சரி, கண்ணுக்கு ஆகாது.

கையேட்டுக்காரன் எழுதியது:

‘முழு இருசு’? நாளை மறுநாள் வெள்ளி என்பதை நினைவூட்டிக்கொள்கிறேன்.

பட்டறை எழுதியது:

முழு வேண்டாம் தம்பி. அது வேறு இடத்துக்கு வேண்டியிருக்கிறது. ஃபுல் ஃப்ளோட்டிங் என்று ஒன்று உண்டு. வண்டியின் எடையை சக்கரக் குடத்தின் பேரிங்கும் ஸ்பிண்டிலும் தாங்கும், உள்தண்டின் வேலை சுற்றுவது மட்டும். அதனால்தான் அப்படிப்பட்ட வண்டியில் முன் ஷாஃப்ட் உடைந்தால் சக்கரம் கழன்று விழாது. லாக்கிங் ஹப் (தண்டைச் சக்கரத்தோடு இணைக்கவும் பிரிக்கவும் உள்ள பூட்டு) இருந்தால் அதை விடுவித்துவிட்டு, உடைந்த துண்டு உள்ளே சிக்கித் திருப்பத்தைத் தடுக்காமல் பார்த்துக்கொண்டு, பின்சக்கர இயக்கத்தில் மெதுவாக வீடு வந்து சேரலாம். செமி ஃப்ளோட்டிங்கில் தண்டே எடையையும் தாங்குகிறது, உடைந்தால் கதை வேறு. அதற்கு முழுமிதவை, அரைமிதவை என்று பேர் வைத்தால் எனக்கே புரியும். ‘முழு’வை இங்கே செலவழித்துவிடாதீர்கள்.

கடையாணி எழுதியது:

லாக்கிங் ஹப்புக்குப் பூட்டுக்குடம்!

புலவர் எழுதியது:

பூட்டுக்குடம் என்றால் தண்ணீர்க் குடத்துக்குப் பூட்டு போட்டதுபோல் இருக்கிறது. இருந்தாலும் நான் எதிர்க்கவில்லை.

ஆசிரியை எழுதியது:

சக்கரங்கள் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதுதானே விஷயம்? ‘பிணை இருசு’. எதிர்ச்சொல்லும் எளிது, ஒவ்வொரு சக்கரமும் தனியாக அசைகிற சஸ்பென்ஷனுக்குத் ‘தனித்தாங்கல்’. மெர்சிடஸ் ஜி முன்பக்கம் பிணை இருசிலிருந்து 2018இல் தனித்தாங்கலுக்கு மாறியது என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். லேண்ட் க்ரூசர் 70 வந்தது 1984இல். 1999இல் முன்பக்கம் லீஃப் ஸ்பிரிங் போய்ச் சுருள் ஸ்பிரிங் வந்தது, பிணை இருசு அப்படியே இருக்கிறது. படித்துப் பாருங்கள், நாக்கில் தடுக்கவில்லை.

வேர்ச்சொல் எழுதியது:

பிணை என்றால் பெண்மான். ஜாமீனும் அதுதான். ‘பிணை இருசு’ என்று படிக்கிறவன் நீதிமன்றத்தில் வண்டியை மீட்பதாக நினைத்தால் நான் பொறுப்பில்லை. மேலும் ‘தாங்கல்’ என்பது ஏரி. சஸ்பென்ஷன் தொங்குவது, தாங்குவதல்ல. ‘தொங்கல்’ என்பதே சரி.

பட்டறை எழுதியது:

தொங்குகிறதா தாங்குகிறதா என்பதற்கு வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தால் போதும் ஐயா, தாங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

பிணை எனக்கு ஓகே. கையேட்டில் ஒன்றை மட்டும் மறக்காமல் சேருங்கள். வண்டியை உயர்த்தினால் பான்ஹார்ட் ராட் (இருசு பக்கவாட்டில் நகராமல் பிடிக்கிற குறுக்குக் கம்பி) மேலும் செங்குத்தாகி, இருசை சேசிஸில் மாட்டியிருக்கிற பக்கமாக இழுத்துவிடும். அதனால் நீளம் மாற்றக்கூடிய ராட் போட வேண்டும். டிராக் லிங்க்கும் (ஸ்டியரிங்கிலிருந்து நக்கிளுக்குப் போகிற கம்பி) அதுவும் இணையாக இல்லாவிட்டால் ஒவ்வொரு குழியிலும் ஸ்டியரிங் தானாக வெட்டும். முன்சக்கரம் கடகடவென்று நடுங்கினால் எல்லோரும் அதிர்வை அடக்குகிற ஸ்டியரிங் டேம்பரை மாற்றுகிறார்கள், அது நோயை மூடிவைக்கிற வேலை. சக்கரங்கள் தரையில் இருக்க, ஒருவர் ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் சின்னச் சின்னதாகத் திருப்பட்டும், இன்னொருவர் பான்ஹார்ட் ராட்டின் இரண்டு முனைகளிலும் விரலை வைத்துப் பார்க்கட்டும். முனையில் உள்ள ரப்பர் புஷ் போயிருந்தால் போல்ட் துள்ளுவது விரலுக்குத் தெரியும். அது சரியாக இருந்தால் நக்கிள் பேரிங்கின் இறுக்கத்தைப் பாருங்கள். இருசுக்கூட்டுக்குள் காற்று போய்வருகிற பிரீதர் குழாயையும் மேலே கொண்டுபோகச் சொல்லுங்கள். சூடான இருசுக்கூடு ஓடையில் இறங்கியதும் குளிர்ந்து தண்ணீரை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும்.

கையேட்டுக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பிணை இருசு, இருசுக்கூடு, இருசுத்தண்டு, சேமத் தண்டு (புலவர் ஐயா மன்னிக்க வேண்டும், அச்சைத் தண்டாக்கிவிட்டேன்). முதல் தடவை வரும்போது ‘சாலிட் ஆக்சில்’ என்று பக்கத்திலேயே போட்டுவிடுகிறேன். பான்ஹார்ட் ராட், டிராக் லிங்க், நக்கிள் எல்லாம் அப்படியே இருக்கட்டும், எனக்குத் தெம்பில்லை. சோதனை வாக்கியம் இப்போது இப்படி:

“பிணை இருசில் தண்டு முறிந்தால் அதைக் கழற்றி, இருசுக்கூட்டுக்குள் இரும்புச் சில்லுகள் கிடக்கின்றனவா என்று பாருங்கள்.”

ஆசிரியை எழுதியது:

நன்றாக இருக்கிறது. வகுப்பிலும் இதையே சொல்லப்போகிறேன். ஆனால் பாடநூல் மாறும்வரை தேர்வில் ‘திட அச்சு’ என்று எழுதினாலும் மதிப்பெண் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

வேர்ச்சொல் எழுதியது:

பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன், உடன்படவில்லை. அத்து, அச்சு பற்றி விரிவாக ஒரு மடல் தயாராகிக்கொண்டிருக்கிறது. ‘பிணையிருசு’ என்று சேர்த்து எழுதப்போகிறீர்களா, பிரித்தா? அதையாவது இப்போதே முடிவு செய்யுங்கள்.

கையேட்டுக்காரன் எழுதியது:

பிரித்து.

புலவர் எழுதியது:

சேர்த்து எழுதுவதே முறை.