2,500 சுற்றுக்கு மேல் இன்டேக்கில் வெடிக்கிறது: இன்ஜெக்டர் டைமிங் காரணமா?

கேள்வி – தோவாளை, பொறியியல் மாணவர்

வணக்கம். மாருதி எஸ்டீம் காரின் 1.3 லிட்டர் என்ஜினைச் சிறு விமானத்துக்கான சோதனை என்ஜினாக மாற்றி வருகிறோம். பறக்கவிடவில்லை, தரையில் மேடை கட்டி, பெல்ட் வழியாக மரப் புரொப்பல்லரை ஓட்டுகிறோம். ஸ்பீடுயினோ ஈ.சி.யூ. (என்ஜினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி), கிராங்க் நிலையைக் காட்ட 36-1 பல்சக்கரம் (36 பல் இடங்களில் ஒன்று விடுபட்டது), எந்த ஸ்ட்ரோக் என்று காட்டக் கேம் சென்சார், இரண்டு சிலிண்டருக்கு ஒரே நேரத்தில் தீப்பொறி தரும் ஜோடிப் பொறி காயில். நான்கு இன்ஜெக்டர்களும் வரிசை முறையில், ஒவ்வொன்றும் தன் சிலிண்டரின் முறை வரும்போது, திறக்கின்றன. நிமிடத்துக்கு 2,500 சுற்று வரை ஒழுங்காக ஓடுகிறது. அதைத் தாண்டினால் இன்டேக்கில் (காற்று உள்ளே போகும் குழாயில்) படபடவென்று வெடிக்கிறது. இன்ஜெக்டர் மூடும் கோணத்தை 355 பாகையிலிருந்து முன்னும் பின்னும் நகர்த்தினோம். ஒரு மாற்றமும் இல்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று புரொப்பல்லரில் மோதுவதால் இருக்குமோ?

பதில் – நாகர்கோவில், ஓய்வுபெற்ற ஆட்டோமொபைல் ஆசிரியர்

தம்பி, கோணத்தை நகர்த்தியும் மாற்றம் இல்லை என்று நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது: வெடிப்புக்குக் காரணம் அந்தக் கோணம் அல்ல. 5,000 சுற்றில் நான்கு ஸ்ட்ரோக்கும் முடிய 24 மில்லி விநாடி. அதில் இன்டேக் வால்வு திறந்திருப்பது ஏறத்தாழ 8. முழுச் சுமையில் இன்ஜெக்டர் அதைவிட நீண்ட நேரம் பீய்ச்சக்கூடும். அப்போது எந்தக் கோணம் வைத்தாலும் பெட்ரோலில் ஒரு பங்கு மூடிய வால்வின் முதுகில்தான் விழும். ஜோடிப் பொறி என்பதால் கேம் சிக்னல் 360 பாகை மாறினாலும்கூட என்ஜின் ஓடும்; ஐடிலில் (த்ராட்டில் மூடிய மெது ஓட்டத்தில்) நடுங்கும், அவ்வளவே.

இன்டேக்கில் வெடித்தால் நான் முதலில் தேடுவது இரண்டு: கலவை மெலிந்ததா, தீப்பொறி தவறான இடத்தில் விழுகிறதா. காற்று சுமையை மாற்றும், சுற்றை ஏற்றி இறக்கும்; இப்படி வெடிக்க வைக்காது. வெடிக்கும்போது சுற்றுமானி என்ன காட்டுகிறது? பேட்டரி வோல்ட் எவ்வளவு?

தோவாளை மாணவர்

சுற்றுமானி பூஜ்யத்துக்கு விழுந்து உடனே திரும்புகிறது, சார். ஆல்டர்னேட்டர் இன்னும் மாட்டவில்லை. ஓட ஓட வோல்ட் 12-க்குக் கீழே இறங்குகிறது.

நாகர்கோவில் ஆசிரியர்

இவை இரண்டும் தனித்தனி நோய். வோல்ட் இறங்கினால் இன்ஜெக்டர் திறக்கத் தாமதமாகும், கலவை மெலியும். ஆனால் அது படிப்படியாக வரும். சுற்றுமானி சட்டென்று பூஜ்யமாவது, கிராங்க் எங்கே நிற்கிறது என்பதை ஈ.சி.யூ. தவறவிட்டதற்கு அடையாளம்.

கிராங்க் சென்சார் இரண்டு கம்பியுள்ள காந்தச் சுருள் வகையா? அப்படியானால் முனைகள் இடம் மாறியிருக்கலாம். மெதுவாக ஓடும்போது இது தெரியாது. வேகம் கூடும்போது, விடுபட்ட பல்லின் அருகே ஈ.சி.யூ. எண்ணிக்கையைத் தவறவிடும். தீப்பொறியை 10 பாகையில் நிலைநிறுத்தி, டைமிங் லைட்டை (பொறி விழும் நொடியில் மின்னும் விளக்கு) கிராங்க் புல்லியின் குறியில் அடித்தபடி த்ராட்டிலை மெல்லத் திறங்கள். குறி நகரக் கூடாது.

புரொப்பல்லரைக் கழற்றிவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். லைட்டைப் பிடித்தவர் குனிந்து நிற்பது அது சுழலும் தளத்துக்கு மிக அருகில். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பதில் – குளச்சல், படகு என்ஜின் மெக்கானிக்

ஆசிரியர் சொல்வது சரி. கம்பியை மாற்றும் முன் கனெக்டரையும் திறந்து பாருங்கள், தம்பி. எங்கள் கரையில் உப்புக் காற்றுப் பட்டுச் செம்புக் களிம்பு ஏறாத கனெக்டர் முனையே கிடையாது. சிக்னல் அங்கேயே செத்துவிடும். சென்சார் கம்பியின் ஷீல்டை (மேலே சுற்றிய உலோக வலையை) ஈ.சி.யூ. பக்கம் மட்டும் எர்த் செய்யுங்கள். பிளக் ஒயரோடு சேர்த்துக் கட்ட வேண்டாம். ரெசிஸ்டர் உள்ள பிளக்தானா என்றும் பாருங்கள்.

தோவாளை மாணவர்

கனெக்டரில் களிம்பு இல்லை, அண்ணாச்சி. பிளக்கும் ரெசிஸ்டர் வகைதான். புரொப்பல்லரைக் கழற்றி லைட் அடித்தோம். 2,000 தாண்டியதும் குறி நகர்ந்தது. முனைகளை மாற்றி, ட்ரிக்கர் கோணத்தை (விடுபட்ட பல்லுக்கும் முதல் சிலிண்டரின் உச்ச நிலைக்கும் இடையே உள்ள கோணம்) புதிதாக அமைத்தோம். இப்போது குறி அசையவில்லை. புரொப்பல்லரை மாட்டி 3,500 வரை ஓட்டினோம்; வெடிப்பு இல்லை. இருவருக்கும் மிக்க நன்றி. ஐடிலில் மட்டும் நடுக்கம் மிச்சம் இருக்கிறது.

நாகர்கோவில் ஆசிரியர்

மிக்க மகிழ்ச்சி. இன்ஜெக்டர் கோணத்துக்கு இப்போதுதான் வேலை வருகிறது. 1,000 சுற்றில் ஒரு சுழற்சி 120 மில்லி விநாடி; இன்ஜெக்டர் திறப்பது அதில் இரண்டு மூன்றுதான். அது எங்கே விழுகிறது என்பது ஐடிலில் நன்றாகவே தெரியும். முதலில் ஆல்டர்னேட்டரை மாட்டுங்கள். வோல்ட் ஆடிக்கொண்டிருந்தால் எந்த அளவையும் நம்ப முடியாது. ஐடில் வால்வின் தானியங்கித் திருத்தத்தையும் ஆக்சிஜன் சென்சார் திருத்தத்தையும் நிறுத்திவையுங்கள். அவை மாற்றத்தை மறைத்துவிடும். பிறகு 720 பாகையையும் 45 பாகை வீதம் நகர்த்தி, மானிஃபோல்டு (இன்டேக் குழாய்) அழுத்தத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அழுத்தம் மிகக் குறைந்து, சுற்று நிலையாக நிற்கும் கோணத்தை வையுங்கள்.