அசெம்பிளி லைன் வந்து கார் தொழில் கெட்டதா?

பழையவண்டி:
1913-இல் ஹைலேண்ட் பார்க் ஆலையில் வண்டி நகர்ந்துவர ஆளுக்கு ஒரு சின்ன வேலை என்கிற ஓடும் லைனை ஃபோர்டு கொண்டுவந்ததோடு கார் கட்டும் கலை போய்விட்டது என்பது என் கட்சி. அந்தக் காலத்தில் ரோல்ஸ்-ராய்ஸ் டெர்பியில் சேசிஸை, அதாவது இன்ஜினோடு சேர்ந்த அடிச்சட்டத்தை மட்டும்தான் செய்தது. பாடி கட்டியது பார்க்கர், ஹூப்பர் மாதிரி கோச் பட்டறைகள். ஆஷ் மரத்தில் சட்டம் கட்டி, அலுமினியத் தகட்டைத் தட்டி வளைத்து அதன்மேல் போர்த்துவார்கள். ஒரு பூச்சு வார்னிஷ் காய்ந்து, அதைத் தேய்த்து, அப்புறம்தான் அடுத்த பூச்சு. பெயிண்டுக்கே வாரக்கணக்கில் ஆகும். அந்த நிதானம் லைனில் வருமா?

லேத்துப்பட்டறை:
சேசிஸிலும் அன்றைக்குப் பல ஆலைகளில் ஃபிட்டர்கள் பாகங்களை அரத்தால் ராவித்தான் பொருத்தினார்கள். பாகம் அளவுக்கு வராததால்தானே அரம்? அப்படிக் கட்டிய வண்டிக்குப் புதுப் பாகம் வாங்கினால் நேராக உட்காராது, மறுபடி ராவ வேண்டும். 1908-இல் இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸில் மூன்று காடிலாக் கார்களைக் கழற்றி, பாகங்களை ஒன்றாகக் கலந்தார்கள். 89 பாகங்களை எடுத்துவிட்டு டீலரின் ஸ்டாக்கிலிருந்து வேறு போட்டார்கள். ஸ்பேனரும் ஸ்குரூ டிரைவரும் மட்டும் வைத்துத் திரும்பக் கட்டி 500 மைல் ஓட்டினார்கள். மூன்றும் ஓடின, பிரிட்டனின் ராயல் ஆட்டோமொபைல் கிளப் தரும் டூவர் கோப்பையும் கிடைத்தது. கைத்திறன் எங்கேயும் போகவில்லை. பாகத்தைப் பிடித்து வழிகாட்டும் ஜிக்கும், அளவு பார்க்கும் கேஜும் செய்கிற டூல்ரூமுக்கு இடம் மாறியது.

பழையவண்டி:
காடிலாக் என் பக்கம்தான் பேசுகிறது. லைன் வர ஐந்து வருஷம் முன்பே, லைன் இல்லாமலே அந்தத் துல்லியம் வந்துவிட்டதே. அப்புறம் லைன் எதற்கு?

லேத்துப்பட்டறை:
விலைக்கு. ஃபோர்டில் ஒரே ஆள் இன்ஜினில் தீப்பொறிக்கு மின்சாரம் தரும் ஃப்ளைவீல் மேக்னெட்டோ ஒன்றைக் கோக்க 20 நிமிடம் ஆனது. வேலையை 29 பேருக்குப் பிரித்ததும் 13 நிமிடம் சொச்சம். குனிய வேண்டாம் என்று லைனின் உயரத்தைக் கூட்டியதும் 7 நிமிடம். சேசிஸ் பன்னிரண்டரை மணி நேரத்திலிருந்து 93 நிமிடத்துக்கு இறங்கியது. 1908-இல் 850 டாலருக்கு விற்ற ஃபோர்டின் மாடல் டி கார், 1925-இல் 260 டாலர். விவசாயி கார் வாங்கியது இதனால்தான்.

கூலிக்கணக்கு:
இருவரும் வண்டியையே பார்க்கிறீர்கள், ஆளைப் பார்க்கவில்லை. நாள் முழுக்க ஒரே போல்ட்டை முடுக்க முடியாமல் ஆட்கள் ஓடினார்கள். சுமார் 14,000 பேரை வேலையில் வைத்திருக்க 1913-இல் 50,000 பேருக்கு மேல் எடுக்க வேண்டியிருந்தது.

லேத்துப்பட்டறை:
அதற்காகத்தானே 1914 ஜனவரியில் எட்டு மணி நேரத்துக்கு ஐந்து டாலர் என்று அறிவித்தார்கள்? கிட்டத்தட்ட இரட்டிப்புக் கூலி. அன்றைக்கு எந்தப் பட்டறை அதைக் கொடுத்தது?

கூலிக்கணக்கு:
அது எல்லோருக்கும் அப்படியே கைக்கு வரவில்லை. ஏறக்குறைய பாதிதான் அடிப்படைக் கூலி, மீதி லாபப் பங்கு. அந்தப் பங்குக்கு ஆள் தகுதியா என்று பார்க்கவே கம்பெனி ஒரு சமூகவியல் துறை வைத்தது. வீட்டுக்கே போய்க் குடிக்கிறானா, சேமிக்கிறானா என்று விசாரித்தார்கள். 260 டாலர் விலையைப் பெருமையாகச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.