ஏரியின் அடியில் சைக்கிள்: நெதர்லாந்தின் பேம்ஸ்டர் பக்கம் போனவர்கள் சொல்லுங்கள்

போன மே மாதம் பேம்ஸ்டருக்குப் பக்கத்து ஊரான பியூர்மெரெண்டிலிருந்து சைக்கிளில் கிளம்பினேன். அங்கே வழி கேட்கவே வேண்டாம். சந்திக்குச் சந்தி வெள்ளைப் பலகையில் பச்சை எண் இருக்கும்; போகவேண்டிய எண்களை வரிசையாக எழுதி ஹேண்டில்பாரில் ஒட்டிக்கொண்டால் போதும். பேம்ஸ்டருக்குள் இறங்கியதும் காற்றுதான். நூல் பிடித்தது போல நேர்ப் பாதை, மறைக்க ஒரு மேடு கிடையாது. கொஞ்ச தூரத்தில் செயின் கழன்றுவிட்டது.

பக்கத்துப் பண்ணையிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். ஒன்றும் கேட்காமல் சைக்கிளைக் கவிழ்த்து, செயினை மாட்டி, கையைப் புல்லில் துடைத்துக்கொண்டு, "கடல் எங்கே இருக்கு, சொல்லுங்க?" என்றார். மேற்கே கை காட்டினேன். அவர் ஒரு கழியை எடுத்து, கொட்டகைச் சுவரில் என் தலைக்கு வெகு மேலே தட்டினார். கடல் மட்டம் அங்கேதானாம், மூன்றரை மீட்டர் உயரத்தில்! நாங்கள் நின்றது ஏரியின் அடி. நாற்பதுக்கும் மேற்பட்ட காற்றாலைகளை வைத்து இறைத்து, 1612-ல் வற்றவைத்த ஏரி. பம்பு நின்றால் தண்ணீர் திரும்பி வரும் என்றார், மாட்டுக்குத் தீவனம் வைக்கணும் என்று சொல்கிற அதே குரலில்.

அந்தப் பழைய ஏரி நிலத்தைச் சுற்றி ஓடும் கால்வாய் பக்கம் வந்தபோதுதான் அது உறைத்தது. கீழே மாடுகள் மேய்கின்றன. அவற்றின் தலைக்கு மேலே, கரைக்கு அப்பால், ஒரு பாய்மரம் மெல்ல நகர்ந்து போகிறது.

———

டெ ரைப்பைப் பார்க்காமல் திரும்பிவிடாதீர்கள். பேம்ஸ்டரை வற்றவைத்த வேலையில் பெயர் பெற்ற பொறியாளர் லேக்வாட்டர் பிறந்த ஊர் அது. 1630-ல் அவர் வடிவமைத்த நகரமன்றக் கட்டடம் இன்னும் நிற்கிறது. ஊரைத் தாண்டியதும் ஒரு அம்மா சைக்கிளை நிறுத்தி, எங்களைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார். புல்லுக்குள் நீள அலகோடு க்ருட்டோ பறவை, காலடியில் இரண்டு குஞ்சுகள். தன் பெயரையே சொல்லிக் கத்தும் பறவை. குஞ்சுகள் பறக்கிற வரை அந்தத் துண்டில் புல் அறுக்க மாட்டார்களாம். என் மகள் பத்து நிமிஷம் அசையவில்லை.

———

எதிர்காற்றில் கிளம்பி, காற்றோடு திரும்புங்கள். நான் மாற்றிச் செய்துவிட்டேன். கிழக்குக் காற்றில் அல்க்மார்டர்மேர் ஏரிக்கரை வரை மிதிக்காமலே போனது போல இருந்தது. திரும்பும்போது கால் ஓய்ந்துவிட்டது. பள்ளிப் பையோடு வந்த ஒரு பெண் வேகத்தைக் குறைத்து, "என் சக்கரத்துக்குப் பின்னாலேயே வாங்க" என்றாள். நான்கைந்து கிலோமீட்டர் எனக்காகக் காற்றைத் தன் மேல் வாங்கிக்கொண்டு போனாள். வீட்டுத் திருப்பம் வந்ததும் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுத் திரும்பிவிட்டாள்; பெயர்கூடக் கேட்கவில்லை.