ரப்பர் கிளவுஸ் உள்ளேயா, வெளியேயா? குளிரில் பைக் ஓட்டுபவர்கள் வரவும்

ஒற்றைச்சிலிண்டர்
மழைப் பயணத் திரியில் மழைக்காகம் என்கிற மேதாவி அருளியிருக்கும் ஆலோசனை இது: "குளிருக்குன்னு தனியா எதுவும் வாங்க வேணாம். இருக்கிற கிளவுஸ் மேல பாத்திரம் கழுவுற ரப்பர் கிளவுஸ மாட்டுங்க, கை கதகதன்னு இருக்கும்." இதற்குக் கீழே நன்றி சொல்லி ஒரு கூட்டம் வேறு. படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. அங்கே பதில் போட்டால் திரி திசை மாறுகிறது என்று கத்தரி விழும் என்பதால் இங்கே வருகிறேன்.

ரப்பர் போக வேண்டிய இடம் உள்ளே. முதலில் மெல்லிய நைட்ரைல் கிளவுஸ் (மருத்துவமனையில் போடுகிற செயற்கை ரப்பர்), அதன் மேல் ஓட்டுகிற கிளவுஸ். நமக்கு வியர்ப்பதாகவே தெரியாது, ஆனால் உள்ளங்கை எந்நேரமும் ஈரத்தை விட்டுக்கொண்டேதான் இருக்கும். அது லைனிங்கில் இறங்கினால் பஞ்சு நனையும். சூட்டைப் பிடித்து வைப்பது பஞ்சு அல்ல, அதற்குள் அசையாமல் நிற்கிற காற்று. அந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டால் கதை முடிந்தது. நிற்கிற காற்றைவிடத் தண்ணீர் இருபது மடங்குக்கு மேல் சூட்டைக் கடத்தும். ரப்பர் உள்ளே இருந்தால் பஞ்சு கடைசிவரை காய்ந்தே இருக்கும். வெளியே மாட்டினால் வியர்வைக்குப் போக வழியில்லை, பஞ்சிலேயே குடியிருக்கும். இது கூடத் தெரியாமல் ஊருக்கு உபதேசம்.

மழைக்காகம்
எனக்காகத் தனித் திரியே திறந்துட்டாரு அண்ணன், சந்தோஷம். ஓடுற பைக்ல கையைக் கொல்றது வியர்வை இல்லண்ணே, காத்து. வெளிய ரப்பர் இருந்தா காத்தும் போகாது, மழையும் போகாது. நீங்க சொல்ற மாதிரி உள்ள போட்டா வெளிக் கிளவுஸோட தையல் வழியா, ஜிப் வழியா காத்து புகுந்து அந்த "நிக்கிற காத்தை" அடிச்சுட்டுப் போயிடும். அப்புறம் பஞ்சு காஞ்சிருந்து என்ன புண்ணியம்? அதோட ஒரு மணி நேரம் கழிச்சு நைட்ரைலக் கழட்டிப் பாருங்க. விரல் நுனியெல்லாம் வெளுத்து ஊறிச் சுருங்கிக் கிடக்கும். அதுக்குப் பேருதான் "காய்ந்தே இருக்கும்"மா?

ஒற்றைச்சிலிண்டர்
பஞ்சு காய்ந்தே இருக்கும் என்று எழுதினேன். கை என்று எழுதவில்லை. படிக்கத் தெரிந்தவர்களுக்குப் புரிந்திருக்கும்.

வாட்கணக்கு
ரெண்டு பேரும் கொஞ்சம் ரப்பரைக் கீழே வைங்க. முதல்ல எவ்வளவு குளிர்னு யாராவது சொன்னீங்களா? 10 டிகிரியா, பூஜ்யமா, மைனஸ் 5-ஆ? எவ்வளவு நேரம் ஓட்டப்போறீங்க, வண்டிக்கு முன்னாடி காத்தைத் தடுக்கிற மூடி, அதான் ஃபேரிங், உண்டா? இது எதுவும் சொல்லாம "கை சூடா இருக்கும்"னா எப்படி?

5 டிகிரியில 80 கிலோமீட்டர் வேகக் காத்து அடிச்சா மூடாத தோலுக்கு மைனஸ் 3 கணக்கா தெரியும். அதுக்கு நேரடி மருந்து ஹீட்டட் கிரிப், அதாவது கரண்ட்ல சூடாகிற கைப்பிடி. ஜோடி சேர்ந்து 30, 40 வாட்தான் இழுக்கும், 12 வோல்ட்ல 3 ஆம்பியர் பக்கம். ஒரே குறை, அது உள்ளங்கையைத்தான் சுட வைக்கும். காத்து அடிக்கிறது புறங்கையில. அதனால கூட ஹேண்ட் கார்டும் வேணும், கைக்கு முன்னாடி காத்தைத் தடுக்கிற மறைப்பு. சின்ன பைக்கா இருந்தா ஆல்டர்நேட்டர் (வண்டியில கரண்ட் தயாரிக்கிறது) தாங்குமான்னு பார்த்துக்கணும், சிக்னல்ல ஐடில்ல நிக்கும்போது பேட்டரி இறங்கும்.

ஒற்றைச்சிலிண்டர்
அந்த மைனஸ் 3 கணக்கு 2001-இல் அமெரிக்காவும் கனடாவும் கொண்டுவந்த குளிர்காற்று வாய்ப்பாட்டிலிருந்து வருவது. அது மூடாத முகத்துக்கான கணக்கு, நடந்து போகிறவனை வைத்துப் போட்டது. கிளவுஸுக்குள் இருக்கிற கைக்கு அதைக் கொண்டுவந்து ஒட்டுகிறீர்கள். பெயரில் மட்டும் கணக்கு இருந்தால் போதாது.

உங்கள் ஹீட்டட் கிரிப்பிலும் நான் சொன்னதே நடக்கும். உள்ளங்கை சூடானால் கூடுதலாக வியர்க்கும். அந்த வியர்வை எங்கே போகும்? பஞ்சுக்கு. ஆக ரப்பர் உள்ளேதான்.

வாட்கணக்கு
"மூடாத தோலுக்கு"ன்னு நானே எழுதியிருக்கேனே சார். அதைப் படிக்காம விட்டுட்டு எனக்குப் பாடம் எடுக்கறீங்க.

புதுச்சக்கரம்
வணக்கம் அண்ணா. நான் புதுசு. எனக்கு விடிகாலையில ஓட்டும்போது நடுவிரலும் மோதிர விரலும் மட்டும் மெழுகு நிறத்துல வெளுத்துடுது. பிரேக் லீவரைத் தொட்டிருக்கேனா இல்லையான்னே தெரியமாட்டேங்குது, கண்ணால பார்த்துத்தான் தெரிஞ்சுக்கிறேன். இறங்கினப்புறம் ஊசி குத்துற வலி. கிளவுஸ் தடிமனானதுதான். என்ன செய்யலாம்?

மழைக்காகம்
தம்பி, தடிமனான கிளவுஸ் மேல ரப்பர். அவ்வளவுதான்.

ஒற்றைச்சிலிண்டர்
தம்பி, அவர் பேச்சைக் கேட்காதீர்கள். உள்ளே.

விரல்நுனி
ரெண்டு பேருக்கும் கும்பிடு. அந்தத் தம்பி சொல்றது ரப்பர் விஷயமே இல்லை. குறிப்பிட்ட விரல்கள் மட்டும் திட்டாக வெளுப்பது ரேனோ பிரச்சினையாக இருக்கலாம். 1862-இல் மோரிஸ் ரேனோ என்ற பிரெஞ்சு மருத்துவர் விவரித்தது. குளிர் பட்டதும் விரலின் சின்ன ரத்தக்குழாய்கள் அளவுக்கு மீறிச் சுருங்கிவிடும். ஹேண்டில்பார் அதிர்வும் சேர்ந்தால் இன்னும் மோசம். தம்பி, அடிக்கடி இப்படி ஆகிறது என்றால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

அதுவரை இரண்டு விஷயம். கிளவுஸ் இறுக்கமாக இருந்தால் எவ்வளவு தடிமன் இருந்தும் பயனில்லை. ரத்த ஓட்டமும் குறையும், பஞ்சும் நசுங்கும். லீவரைப் பிடித்தபடி விரலை மடக்கும்போது நுனியில் கொஞ்சம் இடம் இருக்கவேண்டும். அடுத்து, நெஞ்சையும் கழுத்தையும் மூடுங்கள். உடம்பின் நடுப்பகுதி குளிர்ந்தால் உடம்பு முதலில் கைவைப்பது விரல்களுக்குப் போகிற ரத்தத்தில்தான். ஜாக்கெட் காலர் வழியாகக் காற்று இறங்குகிறபோது எந்தக் கிளவுஸும் காப்பாற்றாது.

ஒற்றைச்சிலிண்டர்
"நுனியில் கொஞ்சம் இடம்." நன்றி. அந்த இடத்தில்தான் நைட்ரைல் போகும். மெல்லியது என்பதால் இறுக்காது. வெளியே பாத்திரக் கிளவுஸை இழுத்து மாட்டினால் மொத்தக் கையையும் நெரிக்கும். எனக்காகவே எழுதிக் கொடுத்தது போலிருக்கிறது.

விரல்நுனி
நான் அப்படி எதுவும் சொல்லவில்லை.

மழைக்காகம்
ரெண்டு சைஸ் பெருசா வாங்கி மாட்டினா எப்படி நெரிக்கும்? நான் என்ன குழந்தை சைஸா போடச் சொன்னேன்? அண்ணனுக்கு எப்பவும் இதே வழக்கம். செயினுக்கு கிரீஸ் தடவலாமா கூடாதாங்கற சண்டையிலயும் இப்படித்தான், நான் சொல்லாததை எல்லாம் என் வாயில திணிச்சாரு. அன்னைக்கு "படத்தோட நிரூபிக்கிறேன்"னு போனவரு இன்னும் அந்தத் திரிப் பக்கம் வரல.

ஒற்றைச்சிலிண்டர்
செயின் பேச்சு இங்கே எதற்கு? கிரீஸில் மண் ஒட்டும் என்பதை நிரூபிக்கப் படம் வேறு வேண்டுமா?

பாதுகாப்பைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை. ஐரோப்பாவில் பைக் கிளவுஸுக்கென்று ஈஎன் 13594 என்று தரநிலையே இருக்கிறது. கையைவிட்டு உருவிக்கொண்டு வருகிறதா, உரசல் தாங்குமா, தையல் பிரியுமா என்றெல்லாம் சோதித்துத்தான் முத்திரை. விரல்முட்டிக்குக் காப்பு சோதித்திருந்தால் கேபி என்று தனிக் குறி. இத்தனையும் பார்த்து வாங்கிய கிளவுஸின் மேல் பாத்திரக் கிளவுஸை மாட்டினால் லீவரில் முதலில் படுவது பாத்திரக் கிளவுஸ். ஈரத்தில் அது வழுக்கும். வழுக்கினால் பிரேக் பிடிப்பது எதை வைத்து?

மழைக்காகம்
பாத்திரக் கிளவுஸ்ல உள்ளங்கைப் பக்கம் சொரசொரன்னு வரி இருக்கே, அது எதுக்கு? ஈரத்துல வழுக்காம இருக்கத்தான். ஒரு தடவை எடுத்துப் பாருங்க. வீட்டுல பாத்திரம் தேய்ச்சுப் பழக்கம் இருந்தா தெரிஞ்சிருக்கும்.

வாட்கணக்கு
😂

பனிப்பாதை
இங்கே ஒருத்தரும் ஹேண்டில்பார் மஃப் பற்றிப் பேசாதது ஆச்சரியம். கிரிப், லீவர், சுவிட்ச் எல்லாவற்றையும் சேர்த்து மூடுகிற உறை. காற்றும் படாது மழையும் படாது, உள்ளே மெல்லிய கிளவுஸ் போதும், லீவர் உணர்வும் நன்றாக இருக்கும். குளிர் நாடுகளில் டெலிவரி ஓட்டுகிறவர்கள் வண்டியில் பாருங்கள்.

ஒற்றைச்சிலிண்டர்
பைக்கில் தலையணை கட்டிக்கொண்டு போவது போலிருக்கும். அதோடு விழும்போது கை அதற்குள் சிக்கினால்? நான் ஓட்டுவது பைக், கட்டில் அல்ல.

பனிப்பாதை
சிக்காத அளவுக்கு வாய் அகலமானதாகப் பார்த்து மாட்டவேண்டும், நின்ற இடத்தில் நாலைந்து முறை கையை உருவிப் பழகவேண்டும். அழகுதான் முக்கியம் என்றால் விரலைத் தியாகம் செய்யுங்கள்.

விரல்நுனி
உள்ளேயா வெளியேயா என்று இவ்வளவு சண்டை போடுவதால் ஒரு தகவல். கொரியப் போரில் அமெரிக்கப் படையினர் போட்ட பூட்ஸ் உண்டு, "மிக்கி மவுஸ் பூட்ஸ்" என்று பட்டப்பெயர். அதில் பஞ்சுக்கு உள்பக்கமும் ரப்பர், வெளிப்பக்கமும் ரப்பர். வியர்வையும் பஞ்சைத் தொடாது, வெளித் தண்ணீரும் தொடாது. கால் ஈரமாகத்தான் இருக்கும், ஆனால் சூடாக இருக்கும்.

ஒற்றைச்சிலிண்டர்
பார்த்தீர்களா. உள்பக்கம் ரப்பர். ராணுவமே ஒப்புக்கொண்ட விஷயம்.

மழைக்காகம்
வெளிப்பக்கமும் ரப்பர்னு சேர்த்துப் படிங்கண்ணே. ராணுவமே ஒப்புக்கிட்டது.

ஒற்றைச்சிலிண்டர்
வியர்வையைப் பஞ்சிலிருந்து பிரிப்பது உள்பக்க ரப்பர். அது இல்லாமல் வெளி ரப்பர் மட்டும் இருந்தால் அது பூட்ஸ் அல்ல, பிளாஸ்டிக் பை.

மழைக்காகம்
வெளி ரப்பர் இல்லாம உள் ரப்பர் மட்டும் இருந்தா ஆத்துல இறங்கினதும் பஞ்சு சாம்பாராயிடும். மழையில என்னாகும்னு யோசிங்க. நான் எழுதினதே மழைப் பயணத் திரியில. மறந்துடுச்சா? எனக்கு எப்பவும் கை சூடாத்தான் இருக்கு. குளிர் அதிகமானா கிளவுஸுக்குள்ள அந்த ஹீட் பேக்கெட் ஒண்ணு சொருகிப்பேன், மேல ரப்பர், முடிஞ்சது.

ஒற்றைச்சிலிண்டர்
மாட்டிக்கொண்டார். அந்த பேக்கெட்டில் இருப்பது இரும்புத் தூள். காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து துருப்பிடிக்கும்போதுதான் சூடு வரும். மேலே ரப்பரைப் போட்டு மூடினால் அதற்குக் காற்று ஏது? ஒரு துளிக் காற்றுகூடப் போகாது என்று பெருமையடித்தவரும் இவரே, உள்ளே துருப்பிடிக்க வைப்பவரும் இவரே.

மழைக்காகம்
மணிக்கட்டுப் பக்கம் திறந்துதான இருக்கு. அதுக்குப் போதும். எனக்குச் சுடுது, உங்களுக்கு ஏன் எரியுது?

வாட்கணக்கு
மணிக்கட்டுன்னதும் ஞாபகம் வருது. கிளவுஸோட மணிக்கட்டுப் பகுதி, அதான் கஃப், ஜாக்கெட் கைக்கு மேல வரணுமா, உள்ள போகணுமா? மழையில எனக்கு எப்படிப் போட்டாலும் தண்ணி இறங்குது.

ஒற்றைச்சிலிண்டர்
உள்ளே. ஜாக்கெட் கை மேலே வரவேண்டும். தோளில் விழுகிற மழை கை வழியாக வடிந்து வந்து கஃபுக்கு மேலேயே சொட்டிப் போகும். வெளியே போட்டால் நேராகக் கிளவுஸுக்குள் ஊற்றும். இதிலுமா சந்தேகம்?

பனிப்பாதை
ஓடும்போது கை முன்னால் நீட்டியிருக்கிறது, காற்று தண்ணீரை மணிக்கட்டிலிருந்து முழங்கைப் பக்கம் தள்ளுகிறது. நீங்கள் சொல்கிறபடி போட்டால் ஜாக்கெட் கையின் வாய் காற்றைப் பார்த்துத் திறந்திருக்கும், தண்ணீர் முழங்கை வரை போகும். நின்றுகொண்டு நனைபவனுக்குத்தான் உங்கள் வழி சரி.

மழைக்காகம்
ஆக அண்ணனுக்கு எல்லாமே உள்ளதான். ரப்பரும் உள்ள, கஃபும் உள்ள, தண்ணியும் உள்ள.

ஒற்றைச்சிலிண்டர்
ஜாக்கெட் கையின் முனையில் இறுக்கும் பட்டை என்று ஒன்று இருக்கிறது, அதை இறுக்கத் தெரியாதவர்களுக்குத்தான் தண்ணீர் முழங்கை வரை போகும். பனிப்பாதை கட்டிலில் படுத்து ஓட்டுபவர், அவருக்கு மழை எந்தப் பக்கம் விழுகிறது என்றே தெரிய வாய்ப்பில்லை. ரப்பர் விஷயத்தில் என் நிலையில் மாற்றமில்லை: உள்ளே. அடுத்த மழையில் ஒரு கையில் உள்ளே, ஒரு கையில் வெளியே மாட்டி ஓட்டிவிட்டுப் படத்தோடு போடுகிறேன்.

மழைக்காகம்
செயின் படத்தையும் சேர்த்துப் போடுங்கண்ணே.

ஒற்றைச்சிலிண்டர்
கிரீஸில் மண் ஒட்டும். அதற்குப் படம் தேவையில்லை. அந்தத் திரியில் வந்து பேசுங்கள், அங்கே பதில் இருக்கிறது.