மதிய உணவுக்காக நால்வர் கேட்டலினா தீவுக்குப் பறப்பது சரிவருமா?

கேள்வி (புதுச்சிறகு):
வணக்கம். தெற்குக் கலிபோர்னியாவில் தனியார் விமானி உரிமம் பெற்று நான்கு மாதங்கள் ஆகின்றன. சிறு விமானத்தில் இன்னொரு விமான நிலையத்துக்குப் போய்ச் சாப்பிட்டுத் திரும்புவதை இங்குள்ளவர்கள் ‘நூறு டாலர் பர்கர்’ என்று கேலியாகச் சொல்வார்கள். அப்படி என் மனைவியையும் நண்பர்கள் இருவரையும் நான்கு இருக்கை கொண்ட வாடகை செஸ்னா 172 விமானத்தில் கேட்டலினாவுக்கு அழைத்துச் சென்று, அங்கே பேர்போன காட்டெருமை பர்கரைச் சாப்பிட்டு வர விரும்புகிறேன். எரிபொருள் தொட்டியை நிரப்பிக்கொண்டு நால்வரும் போக முடியுமா? செலவை நண்பர்களுடன் பகிர்ந்துகொள்ளலாமா?

மறுமொழி (வால்காற்று):
தொட்டியை நிரப்பினால் நால்வர் போக முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். 172எஸ் வகையில் பயன்படும் எரிபொருள் 53 கேலன். கேலனுக்கு 6 பவுண்டு வீதம் அதுவே 318 பவுண்டு. மொத்த எடை வரம்பான 2,550 பவுண்டில் வெற்று விமானத்தின் எடையையும் கழித்துப் பார்த்தால், மூன்று பெரியவர்களுக்கே இடம் இழுபறியாக இருக்கும். தீவில் எரிபொருள் கிடைக்காது என்பதால் திரும்பி வருவதற்கும், விதிப்படி பகலில் கையிருப்பாக வேண்டிய 30 நிமிடத்துக்கும் சேர்த்துக் கரையிலேயே நிரப்பியாக வேண்டும். ஆனால் தூரம் குறைவு. 30 கேலன் தாராளமாகப் போதும்.

செலவைப் பகிரலாம். எரிபொருள், எண்ணெய், நிலையக் கட்டணம், விமான வாடகை ஆகியவற்றில் உங்கள் பங்கு நான்கில் ஒன்றுக்குக் குறையக் கூடாது. பர்கர் அந்தக் கணக்கில் வராது. அதை நண்பர்கள் தலையில் முழுமையாகக் கட்டலாம்!

மறுமொழி (மலையோடுபாதை):
எடையைவிடத் தீவிலுள்ள அந்த ஓடுபாதையைத்தான் நான் முதலில் யோசிப்பேன். 1,602 அடி உயரத்தில், மலையைச் சமப்படுத்திப் போட்ட 3,000 அடிப் பாதை அது. 22 என்று எண்ணிட்ட முனையின் பக்கமாக இறங்கும்போது பாதை முதலில் மேல்நோக்கி ஏறுவதால் மறுமுனை கண்ணுக்குத் தெரியாது. மேடு முடியும் இடத்தில் பாதையே முடிந்து பள்ளம் தொடங்குவதாகத் தோன்ற, புதியவர்கள் பதறிப்போய் பிரேக்கை அழுத்துவார்கள். நானும் முதல் தடவை அப்படித்தான் டயரைத் தேய்த்தேன். பாதையில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. பயிற்றுநர் ஒருவருடன் ஒருமுறை இறங்கிப் பழகாமல் பயணிகளை ஏற்றாதீர்கள்.

திரும்பும் வேளையையும் பாருங்கள். பிற்பகலில் வெயில் 30 டிகிரியைத் தொட்டால், சூட்டில் காற்று மெலிந்துவிடுவதால் விமானம் ஏறத்தாழ 3,700 அடி உயரத்தில் இருப்பதுபோல மந்தமாகத்தான் எழும்பும்.

கடலைக் கடக்கும் உயரமும் முக்கியம். எஞ்சின் நின்றால் செஸ்னா 172 விமானம், ஒவ்வோர் ஆயிரம் அடி உயரத்துக்கும் ஏறத்தாழ ஒன்றரைக் கடல் மைல் காற்றில் சறுக்கிச் செல்லும். நடுக்கடலிலிருந்து கரை சுமார் 10 கடல் மைல். 6,500 அடியில் கணக்கு மயிரிழையில் நிற்பதால் நான் போகும்போது 8,500 அடியிலும், வரும்போது 7,500 அடியிலும் பறக்கிறேன். மிதவை அங்கியைப் பின்னிருக்கையில் போட்டுவைக்காமல் எல்லோரும் அணிந்தே இருக்க வேண்டும்.

மறுமொழி (பசித்தவிமானி):
புறப்படும் முன் உணவகத்துக்குத் தொலைபேசியில் பேசிவிடுங்கள். ஒருமுறை ஒன்றேகால் மணி நேரம் பறந்துபோய், பூட்டிய கதவின் முன் நின்று, பைக்குள் கிடந்த கடலை மிட்டாயைத் தின்றுவிட்டுத் திரும்பியவன் நான். முதல் உணவுப் பயணத்துக்குக் கரையிலேயே உள்ள கமாரியோ விமான நிலையம் போதுமே. ஏறத்தாழ 6,000 அடி ஓடுபாதை, கட்டுப்பாட்டுக் கோபுரம், நிலையத்திலேயே உணவகம், நடுவில் கடலும் இல்லை.

புதுச்சிறகு:
அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு குளியலறைத் தராசில் நால்வரையும் நிறுத்திப் பார்த்தேன். 30 கேலனுடன் கூட்டினால் வரம்பை 41 பவுண்டு தாண்டுகிறது. இந்தச் சனிக்கிழமை பயிற்றுநருடன் நான் மட்டும் தீவுக்குப் போகிறேன். நண்பர்களுக்குக் கமாரியோதான், அதுவும் ஒரு நேரத்தில் ஒருவராக. யார் முதலில் வருவது என்று அவர்களே சண்டையிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.